பாரம் ஏற்றிய பிக்கப்பின் பட்டையும் ஷாக்கும்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

டெல்டாவின் நெடுஞ்சாலைகள் மேடுபள்ளமற்றவை. அதனால் கூடாரம், தண்ணீர்க் கேன், அடுப்பு, பேட்டரி என்று நிரப்பிய பிக்கப் வண்டியின் குறைகள் தஞ்சாவூரிலிருந்து திருச்சி போய்ச் சேரும் வரை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. வெண்ணாற்றங்கரை மண்தடத்தில் இறங்கும்போதும், காரவள்ளி தாண்டிக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும்தான் அவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. அந்த நேரத்தில் பலர் செய்வது ஒன்றுதான்: ஊர் திரும்பியதும் பட்டறைக்குப் போய் "பின்னாடி இரண்டு பட்டை சேர்த்துக் கட்டுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். குறை தெரியும் இடமும் குறை பிறக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது என்பதை நான் என் வண்டியில் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். எனவே, எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுத் தகடுகள்) முன்பக்கம் காயில் (சுருள்) ஸ்பிரிங்கும் உள்ள இரட்டை கேபின் பிக்கப்பை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஷாக் என்று நான் சொல்வது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரை. இசூசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ஆகிய இரண்டும் இந்த அமைப்பு உள்ளவை.

எதையும் கழற்றுவதற்கு முன்: எடை மேடை

நெல்லும் கரும்பும் போகும் பகுதி என்பதால் நம் பக்கத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. பயணத்துக்குப் புறப்படும் கோலத்திலேயே, அதாவது டீசல் நிரம்பி, தண்ணீர் நிரம்பி, ஆள்களும் உட்கார்ந்த நிலையில், வண்டியை மேடையில் ஏற்றி மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்சக்கரங்கள் மேடையைத் தாண்டும்படி நகர்த்திப் பின்சக்கரங்களின் எடையை மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே முன் ஆக்சிலின் (முன்சக்கரங்களின் அச்சு) பாரம். மேடையும் சுற்றியுள்ள தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது எண் பிசகும்.

என் சாமான்கள் 300 கிலோவைத் தாண்டாது என்று நான் நம்பியிருந்தேன். ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டியபோது கூரை மேல் கூடாரம் 65, தண்ணீர் 80, ஈய அமில பேட்டரி 55, இரும்பு அலமாரிச் சட்டம் 90, குளிர்பெட்டி 30, சமையல் சாமானும் சிலிண்டரும் 40, டீசல் கேன்கள் 35, இரண்டாவது ஸ்டெப்னி 35 என்று 430 கிலோ வந்தது. நான்கு பேரைச் சேர்த்தால் 700 கிலோவைத் தாண்டிவிடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.83 கிலோ, வீட்டுச் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, அதன் இரும்பு ஏறத்தாழ அதே அளவு என்பன போன்ற எண்களை வைத்துக் கணக்கிட்டால், மனக்கணக்கு எவ்வளவு ஏமாற்றுகிறது என்பது புரியும்.

இந்த எண்ணைப் பதிவுச் சான்றிலும் கதவுத் தூணின் தகட்டிலும் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் இந்த வழிமுறையின் எஞ்சிய பகுதி எதுவும் உதவாது, சாமானைக் குறைப்பதே தீர்வு. தடித்த பட்டை கட்டியதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட உயர்வதில்லை. பிரேக்கும் ஆக்சிலும் சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) பழையவைதாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி வரம்பு மீறிய எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதால், உயரத்தைக் கூட்டும் எந்த வேலைக்கும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் ஓர் அளவு தேவை. நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் காலி வண்டியில் ஒருமுறையும் பாரத்தோடு ஒருமுறையும் எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்றின் வேறுபாடு கணக்கைக் கெடுக்கும்.

பின்பக்கம் தாழ்கிறது, ஸ்டியரிங் லேசாகிறது, எதிரே வருபவர் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுகிறார்

இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள். மாட்டுவண்டி கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். நெல் மூட்டையை அச்சுக்கு முன்னும் பின்னுமாக நகர்த்தி வைத்துத்தான் அந்தக் காலத்தில் வண்டியைச் சமன் செய்தார்கள்; அச்சை மாற்றவில்லை. பிக்கப்பிலும் முதல் வேலை அதுவேதான்.

பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால், தொட்டியின் (சாமான் ஏற்றும் பின்பகுதி) கதவை ஒட்டி, 100 கிலோ வைத்ததாகக் கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே ஏறத்தாழ 3.1 மீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சில் தாங்குவது 100 அல்ல, 132 கிலோ. அந்தக் கூடுதல் 32 கிலோ முன் ஆக்சிலிலிருந்து கழிந்துவிடுகிறது. ஸ்டியரிங் லேசாவதும், மழையில் நனைந்த சாலையில் முன்சக்கரம் திருப்பிய பக்கம் போக மறுப்பதும், விளக்கு மேல்நோக்கி அடிப்பதும் இதனால்தான். அதே 100 கிலோவைக் கேபினின் முதுகை ஒட்டி வைத்தால், பின் ஆக்சிலுக்கு முன்னால் அது வந்துவிடுவதால் ஒரு பங்கை முன்சக்கரம் ஏற்றுக்கொள்ளும்.

நான் தண்ணீரையும் பேட்டரியையும் கேபினை ஒட்டித் தரையோடு தரையாகக் கட்டினேன்; துணி, பாய், கொசுவலை போன்ற இலேசானவற்றைக் கதவுப் பக்கம் தள்ளினேன். எதையும் வாங்காமலேயே பின்பக்கம் 18 மி.மீ. எழும்பியது. அதன் பிறகும் தாழ்வு மிஞ்சினால்தான் பட்டையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பட்டைக்கு உதவியாக ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே காற்றுப் பை வைத்து எழுப்பலாமே என்று பலர் கேட்கிறார்கள். பட்டை, தன் பாரத்தை முன் கண்ணிலும் (பட்டை முனையின் வளையம்) பின் ஷாக்கிளிலுமாக (பின்முனையைத் தொங்கவிடும் இணைப்பு) இரண்டு இடங்களில் சேஸிஸுக்குப் பகிர்ந்து தருகிறது. ஆக்சிலுக்கு மேலே வைக்கும் காற்றுப் பை அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் குத்துகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் பாரம் தொங்கும் இரட்டை கேபின் வண்டி குண்டு குழியில் துள்ளும்போது, அந்த இடத்திலேயே சேஸிஸ் வளைந்துவிடும் ஆபத்து உண்மையானது. எப்போதாவது ஏறும் சிறு பாரத்துக்கு அது போதும். நிலையாக ஏற்றும் பாரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பள்ளத்தில் இறங்கினால் கீழே இடித்த சத்தம் கேட்கிறது

ஆக்சில், ரப்பர் முட்டுக்கட்டையில் மோதும் சத்தமாகத்தான் இது பெரும்பாலும் இருக்கும். உறுதிப்படுத்த, கரையில் கிடக்கும் ஈரக் களிமண்ணில் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, அந்த ரப்பரின் நுனியில் அப்பிவிட்டு, வழக்கமான வேகத்தில் இரண்டு சிறுபாலங்களையும் நான்கு வேகத்தடைகளையும் கடந்து வாருங்கள். மண் தட்டையாக நசுங்கி ஆக்சிலின் அச்சு அதில் பதிந்திருந்தால் பட்டை தோற்றுவிட்டது என்று பொருள். மண் அப்படியே உருண்டையாக இருந்தால் சத்தம் வேறெங்கோ பிறக்கிறது: ஷாக்கின் கண் புஷ் (முனை வளையத்துக்குள் இருக்கும் ரப்பர்), தளர்ந்த ஸ்டெப்னி, சரியாகக் கட்டாத சிலிண்டர் ஆகியவற்றைப் பாருங்கள்.

மண் நசுங்கியிருக்கும் நிலையில் எவ்வளவு பலம் சேர்க்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். எடை மேடையில் பின் ஆக்சிலுக்கு 300 கிலோ கூடியபோது மட்கார்டு அளவு 60 மி.மீ. குறைந்தால், ஒரு பக்கத்துக்கு 150 கிலோ; ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ என்பது உங்கள் பட்டையின் இன்றைய பலம். தாழ்வை 40 மி.மீட்டராகக் குறைக்க விரும்பினால் மில்லிமீட்டருக்கு 3.75 கிலோ தேவை. அதாவது ஒன்றரை மடங்கு.

இங்கேதான் பெரும் தவறு நிகழ்கிறது. பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பலம் அதே விகிதத்தில் கூடும்; தடிமனைக் கூட்டினாலோ அதன் மூன்றாம் அடுக்குக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். ஒரே நீளத்தில் 6 மி.மீ. தடிமன் பட்டைக்குப் பதிலாக 8 மி.மீ. பட்டை ஒன்றை வைத்தால், அது ஏறத்தாழ 2.4 பட்டைகளுக்குச் சமம். லாரிப் பட்டையை வெட்டி உள்ளே செருகும் பழக்கம் உள்ள இடங்களில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. என் வண்டிக்கும் ஓர் இடத்தில் அப்படித்தான் செருகினார்கள். பாரம் ஏற்றியபோது வண்டி நேராக நின்றது, காலியாக ஓட்டியபோது பின்சக்கரம் வேகத்தடைக்கு வேகத்தடை தரையை விட்டு எழும்பியது.

ஆகவே, நிலையாக எவ்வளவு பாரம் வண்டியிலேயே இருக்கப்போகிறது என்பதே கேள்வி. கேனோபியும் (தொட்டியை மூடும் கூரை) அலமாரியும் ஆண்டு முழுவதும் தொட்டியிலேயே கிடக்கும் என்றால், அந்த எடைக்கென்று செய்யப்பட்ட முழு பட்டை செட்டை வாங்குவதே சிறந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றுவீர்கள் என்றால், தாழ்ந்த பிறகு மட்டும் தொட்டு வேலை செய்யும் உதவிப் பட்டை ஒன்று போதும். தொய்ந்த பழைய பட்டையைச் சம்மட்டியால் தட்டி வளைவு ஏற்றித் தருவது செலவு குறைவுதான், ஆனால் களைத்துப்போன எஃகு தட்டியதனால் புதிதாகிவிடாது. சில மாதங்களில் மறுபடியும் தொய்யும். சூடு காட்டி வளைப்பதையும், பட்டை மேல் வெல்டிங் வைப்பதையும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். எஃகின் பதம் போய், அந்த இடத்தில்தான் அது நாளை முறியும்.

ஒரு பள்ளத்துக்குப் பிறகு வண்டி மூன்று நான்கு முறை ஆடி அடங்குகிறது

இது ஷாக்கின் வேலை, பட்டையின் வேலையல்ல. பாரத்தைத் தாங்குவது பட்டை. ஆட்டத்தை அடக்குவது ஷாக். புதிய பலமான பட்டையோடு பழைய ஷாக்கை விட்டுவைத்தால் ஆட்டம் முன்பைவிட அதிகமாகும், ஏனென்றால் பலமான பட்டை திருப்பி உதைக்கும் விசையும் பெரிது.

பம்பரை அமுக்கிப் பார்க்கும் சோதனை பிக்கப்பில் நம்பத்தக்கதன்று. பாரத்தோடு ஒரு வேகத்தடையை 20 கி.மீ. வேகத்தில் கடக்கச் சொல்லிவிட்டு, வெளியே நின்று பின்பக்கத்தைப் பாருங்கள். ஒருமுறை எழுந்து ஒருமுறை அமர்ந்து நின்றுவிட்டால் நலம். அடுத்ததாக, பத்துக் கிலோமீட்டர் கரடுமுரடான தடத்தில் ஓட்டிவிட்டு, நிறுத்தியவுடன் நான்கு ஷாக்குகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நேரடியாகப் பிடித்துவிட வேண்டாம், சுடும். ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதே ஷாக்கின் தொழில் என்பதால், ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை. உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் தூசியும் இருப்பது குற்றமல்ல. சொட்டாக வழிந்திருந்தால் மாற்ற வேண்டும், அதையும் இணையாகவே மாற்ற வேண்டும்.

காலையில் நன்றாக இருந்து மதியத்துக்கு மேல் ஆட்டம் வருகிறது என்றால், எண்ணெய் சூடேறி நீர்த்துப் போகிறது. தடித்த உடம்பும் கூடுதல் எண்ணெயும் வாயு அழுத்தமும் உள்ள ஷாக் அதற்குத் தீர்வு. பட்டையால் வண்டி 40, 50 மி.மீ. உயர்ந்திருந்தால் நீளமான ஷாக்கே வாங்க வேண்டும். பழைய நீளத்தையே வைத்தால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் முழுதும் நீண்டு 'டக்' என்று இழுபடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பலர் பட்டையைச் சந்தேகிக்கிறார்கள்.

மலை வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து மெதுவாக மீள்கிறது

கூரை மேல் கூடாரம் வைத்தவர்களின் முறையீடு இது. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் 65 கிலோ இருப்பது, தொட்டியின் தரையில் 65 கிலோ இருப்பதைப் போன்றதல்ல. மலைக்கு ஏறும் முன் கூரை மேல் உள்ள டீசல் கேனையும் ஸ்டெப்னியையும் கீழே இறக்குங்கள். அதுவே பாதித் தீர்வு.

மீதிப் பாதி டயரில் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து அச்சிட்டிருக்கும் பார எண்ணைப் பாருங்கள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ தாங்கும்; அதுவும் உரிய காற்று இருந்தால் மட்டுமே. முழுப் பாரத்துக்கென்று கதவுத் தகட்டில் சொன்ன காற்றளவைக் குளிர்ந்த டயரில் பிடிக்க வேண்டும். மணலிலோ சேற்றிலோ காற்றைக் குறைத்தவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்பப் பிடிக்காமல் விட்டால், சரிவதோடு டயரும் சூடேறி வெடிக்கும்.

காற்றுப் பை வைத்திருப்பவர்கள் இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று எதிர்ப்பக்கத்துக்கு ஓடிச் சரிவை இன்னும் கூட்டும். தனித்தனிக் குழாய் வைப்பதே முறை.

வண்டி ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறது, அல்லது கோணலாக ஓடுகிறது

ஒரு பக்கத் தாழ்வுக்கு முதல் காரணம் சாமான்தான். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் அப்படித்தான் நிற்கும். காலி வண்டியிலும் வேறுபாடு தெரிந்தால் பட்டை முறிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். முறிவு மெல்லிய துருக்கோடாகத்தான் தெரியும்.

கோணல் ஓட்டம் இதைவிடக் கவலைக்குரியது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு வாய்க்கால் கரையில் என் வண்டி நேராகப் போக மறுத்தது. ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தால்தான் நேராகப் போயிற்று. இறங்கிப் பார்த்தபோது, வலப்பக்கப் பின்டயருக்கும் மட்கார்டின் முன் விளிம்புக்கும் இடையே நான்கு விரல் நுழைந்தது, இடப்பக்கம் இரண்டு விரல்தான் நுழைந்தது. உள்ளே குனிந்தால், இடப்பக்க யூ போல்ட்டின் அடியில் ஆக்சில் மேடையில் காசு அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்த தடம். அதன் ஓரத்தில் மஞ்சள்தூளைப் போன்ற துருப்பொடி. பட்டைகளைக் கோத்து ஆக்சிலின் குழியில் உட்கார்ந்திருக்க வேண்டிய சென்டர் போல்ட் அறுந்துபோய், ஆக்சில் பட்டையின் மேல் முன்னுக்கு நகர்ந்திருந்தது.

சென்டர் போல்ட் தானாக அறுவதில்லை. பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்டின் வேலை. அது தளர்ந்தால் முழு உதையும் அந்த மெலிந்த போல்ட்டுக்குப் போகிறது. ஆறு வாரம் முன்பு கூடுதல் பட்டை செருகியபோது பழைய யூ போல்ட்டையே மறுபடி முறுக்கியிருந்தார்கள். ஒருமுறை முழு இறுக்கத்துக்கு இழுபட்டு நீண்ட யூ போல்ட் இரண்டாம் முறை அதே பிடியைத் தராது. எனவே பட்டையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய யூ போல்ட்டும் நட்டும் கேட்டு வாங்குங்கள். கூடிய பட்டைத் தடிமனுக்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். வழியில் இப்படி நேர்ந்தால், சாமானை இறக்கிவிட்டு, மெதுவாக அருகிலுள்ள பட்டறை வரை மட்டும் செல்லலாம்.

பட்டை மாற்றிய பிறகு புதிதாக வந்த குறைகள்

புறப்படும்போது, 20 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள், அடியிலிருந்து ஓர் அதிர்வு வருகிறது என்றால் அது வீல் பேலன்ஸ் அல்ல. வண்டி உயர்ந்ததால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (என்ஜின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு) கோணம் மாறிவிட்டது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே சாய்வுத் தகடு வைத்தோ, நடு பேரிங்கைச் சற்று இறக்கியோ கோணத்தைத் திருத்தலாம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்னுக்கு அதிகமாகக் குத்துகிறது என்றால் உடனே கவனியுங்கள். சில பிக்கப்புகளில் சேஸிஸையும் பின் ஆக்சிலையும் ஒரு கம்பியால் இணைத்த வால்வு ஒன்று இருக்கும். வண்டி தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தருவதும், உயர்ந்தால் காலி என்று கொண்டு குறைப்பதும் அதன் வேலை. புதிய பட்டையால் பாரத்தோடும் வண்டி உயர்ந்தே நிற்பதால், அந்த வால்வு ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. பாரத்தோடு மலை இறங்கும்போது இது உயிருக்கு உலை வைக்கும். பட்டை கட்டும் இடத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது என் மனக்குறை. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் கையேட்டின்படி கம்பியின் நீளத்தை மறுசீரமைக்கச் சொல்லுங்கள்.

வீல் அலைன்மென்ட்டையும் முன்விளக்கின் மட்டத்தையும் பாரம் ஏற்றிய நிலையிலேயே சரிபார்க்க வேண்டும்.

கிரீச்சென்ற சத்தம், இறுகிய ஓட்டம்

சம்பா நடவுக் காலத்தில் கரைத் தடங்களில் ஓடிய வண்டியின் பட்டை இடுக்கில் புகுந்த களிமண், வெயில் பட்டதும் செங்கல்லாக இறுகிப் பட்டைகளை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய் வந்த வண்டியில் உப்பும் சேர்ந்து இடுக்கிலிருந்தே அரிக்கும். வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் முழுதும் பீய்ச்சிக் கழுவுங்கள். ஜாக்கி வைத்துச் சேஸிஸைத் தூக்கினால் பட்டைகள் சற்று விலகி, இடுக்கில் தண்ணீர் போகும். டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ அடிக்கும் வழக்கம் சத்தத்தை நிறுத்தும், ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். புஷ் மாற்றும்போது அதன் போல்ட்டைச் சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் பாரத்தில் அமர்ந்த பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் இறக்கியவுடனேயே ரப்பர் முறுக்கேறி நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும்.

வேலை முடிந்த வண்டியை 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கொண்டுபோய் யூ போல்ட் நட்டுகளை அதே அளவுக்கு முறுக்கிப் பார்க்க வேண்டும்; புதிய பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் சற்றுக் குறைவது இயல்பு. முறுக்கிய பிறகு நட்டிலிருந்து தகடு வரை வெள்ளை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அந்தக் கோடு முறியாமல் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.